மஞ்சள் பூசிய டொலர்

வெளிநாட்டுக் காசு எதைக் கண்டாலும் என் மச்சாள் முதலில் கேட்பது, "இதுக்கு எத்தின தேங்காய் வரும்?" என்பதுதான். மச்சாள் என்றால் என் பெண்சாதியின் தங்கை. செட்டிபாளையத்தில் எங்கள் வளவும் அவளுடைய வளவும் ஒரே வேலியில் நிற்கின்றன. வேலி என்று சொன்னாலும் நடுவில் ஒரு ஆள் நுழையுமளவுக்கு எப்போதும் வழி இருக்கும். அந்த வழியால்தான் குழம்பும் கோபமும் போய்வரும்.

அவள் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவள். போன புதிதில், கூடப் போன பெண்கள் எல்லாரும் அந்த நாட்டுத் தினாரை எங்கள் ரூபாயாக மாற்றிப் பார்த்துப் பார்த்து, ஒரு தோடம்பழம் வாங்கவும் பயந்து போனார்களாம். ஒருத்தி தலைவலிக் குளிசைகூட வாங்காமல் துணியால் தலையைக் கட்டிக்கொண்டு கிடந்தாளாம். மச்சாள் இரண்டு கிழமை அப்படித்தான் இருந்திருக்கிறாள். பிறகு ரூபாயை விட்டுவிட்டுத் தேங்காயைப் பிடித்துக்கொண்டாள்.

"ரூபாய் இண்டைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை மச்சான். நான் அங்க போகக்குள்ள ஒரு கணக்கு, திரும்பி வரக்குள்ள இன்னொரு கணக்கு. தேங்காயெண்டா எனக்குத் தெரியும். ஒரு காய் துருவினா எத்தின பேருக்குக் கறி வைக்கலாமெண்டு கை சொல்லும். அங்கத்தக் கடையில ஒரு தேங்காய் என்ன விலையெண்டு பார்ப்பன். எங்கட களுவாஞ்சிக்குடிச் சந்தையில என்ன விலையெண்டு அக்காட்டக் கேப்பன். பிறகு எந்தச் சாமானைக் கண்டாலும், இது நாலு தேங்காய், இது நாற்பது தேங்காயெண்டு பிரிச்சுப் போடுவன். அவ்வளவுதான்."

"தேங்காய் விலையும் ஏறுதே, மச்சாள்?"

"ஏறினா என்ன? அது எங்கட ரூபாய் இறங்கினதெண்டு நினைச்சுக்கொள்ளுங்க."

நான் பள்ளிக்கூடம் போகாதவன். இலக்கம் தெரியும், எழுத்துத் தெரியாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் ஒரு வயல் வட்டையில் என் தகப்பனாரோடு வயல் செய்து வளர்ந்தவன். மாற்றுதல் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாவிக்கு இந்தப் பக்கத்துப் பெண்கள் கருவாடும் தேங்காயும் தலையில் வைத்துத் தோணியில் வருவார்கள். நாங்கள் களத்தில் நெல்லு அளந்து கொடுப்போம். அறுவடை நேரம் கருவாட்டுக்கு நெல்லு அள்ளிக் கொடுப்போம். மாரியில் நெல்லு குறைந்த காலம் அளவும் குறையும். அதற்காக யாரும் பலகையில் விலை எழுதி வைக்கவில்லை. தோணி கரையில் தட்டும்போதே இரண்டு பக்கத்தாருக்கும் அன்றைய அளவு தெரியும். அந்தப் பெண்களில் ஒருத்தியின் மகளைத்தான் நான் பிறகு கட்டினேன். அது வேறு கதை. சொல்ல வந்தது, ஒரு வாவி அகலத்துக்கு மேல் என் கணக்குப் போனதில்லை என்பதைத்தான்.

அப்படிப்பட்ட நான் மதுரைக்குப் போனது என் பெண்சாதியின் கண்ணுக்காக. அவளுக்கு இடது கண் இளம் வயதிலேயே போய்விட்டது. களத்தில் சூடு அடித்து நெல்லுப் பிரிக்கும்போது நெற்கதிர் குத்தியது. அந்தக் காலத்தில் முலைப்பால் விட்டோம், இலைச் சாறு விட்டோம், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. மிச்சம் இருந்த வலது கண்ணாலேயே அவள் பிள்ளை வளர்த்தாள், மீன் வெட்டினாள், என் முகத்தைப் பார்த்தே நான் எங்கே போய்வந்தேன் என்று சொன்னாள். அந்தக் கண்ணிலும் ஒரு நாள் காலையில் கீழிருந்து கறுப்புத் திரை ஏறுகிறது என்றாள். "ஆரோ கறுப்புச் சீலையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி" என்றாள்.

மட்டக்களப்பில் பார்த்த டொக்டர் நல்ல மனிதர். கண்ணுக்குள்ளே பின்னால் ஒட்டியிருக்கும் தோல் கழன்று வருகிறது, மொத்தமாகக் கழன்றால் பிறகு ஒட்ட ஏலாது, தாமதிக்க வேண்டாம் என்றார். மகன் கட்டாரில் இருந்து போனில், மதுரையில் இதற்கென்றே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, உடனே போங்கள் என்றான். விசாவுக்கு ஓடினோம். மகனை விட்டால், விமானம் ஏறிப் பழகியவள் எங்கள் குடும்பத்தில் மச்சாள் ஒருத்திதான். நாங்கள் கேட்கவும் இல்லை. வேலி வழியால் வந்து, "என்ட பாஸ்போட்டும் இரிக்கு" என்று வைத்தாள்.

செலவுக்குக் காசு, மகன் ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது தாயின் கையில் கொடுத்த டொலர்தான். அவள் அதை மாற்றவே இல்லை. பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தாள். புறப்படுகிற அன்று அதையெல்லாம் ஒரு துணிப் பையில் போட்டு வாயைத் தைத்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். நோட்டுகளை மச்சாள் விரித்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கொழும்பில் விமானம் ஏற முதல் வரிசையாகக் காசு மாற்றும் கூடுகள் இருந்தன. நான் ஒரு கூட்டின் முன்னால் நின்றேன். மச்சாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்ச வேணாம் மச்சான். பலகையைப் பாருங்க. ரெண்டு இலக்கம் கிடக்கா?"

"கிடக்கு."

"ஒண்டு அவங்க வாங்கிற விலை. மத்தது விக்கிற விலை. இந்த ரெண்டுக்கும் நடுவில எவ்வளவு இடைவெளி இரிக்கோ, அவ்வளவு பெரிசு அவங்கட வாய். இஞ்சத்த வாயைப் பாருங்க, முதலை மாதிரி. ஊருக்குள்ள இருக்கிற கடையில இந்த இடைவெளி சுருங்கும்."

அவள் தன் கையிலிருந்த சிறிய தொகையை மட்டும், மதுரையில் இறங்கி ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய அளவுக்கு மாற்றினாள். மாற்றும் முன் கூட்டுக்காரரிடம் பலகை விலையைக் கேட்கவில்லை. நோட்டைக் காட்டி, "இதைத் தந்தா என்ட கையில என்ன வரும்? எல்லாம் கழிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டாள். அந்த மனிதர் சொன்ன தொகை பலகை விலையை விடக் குறைவாகத்தான் வந்தது. "பார்த்தீங்களா" என்பது போல என்னைப் பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என்னுடைய வட்டையிலேயே அளவுகாரன் நெல்லு அளக்கிற மரைக்காலைத் தலைகுப்புறத் தட்டும்போது நான் ஒருநாளும் இப்படி நின்று கேட்டதில்லை.

மதுரையில் இறங்கியதும் எனக்குத் தேத்தண்ணீர் வேண்டும் போல் இருந்தது. கடைக்காரன் விலை சொன்னான். நான் அதை எங்கள் ரூபாயாக்க வாயைத் திறந்தேன்.

"மாத்தாதீங்க, குடிங்க" என்றாள் மச்சாள்.

குடித்தேன். நல்ல தேத்தண்ணீர்தான்.

ஆஸ்பத்திரியில் அவ்வளவு சனம். ஆனாலும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் வரிசை நகர்கிறது. கண்ணைப் பார்த்த டொக்டர் அம்மா எங்களோடு பொறுமையாகப் பேசினார். நாளைக் காலையிலேயே ஆப்பரேசன் செய்யலாம், நாளைக்குப் பட்டியலில் ஒரு இடம் இருக்கிறது, பின்னேரம் மூன்று மணிக்குக் காசுக் கவுண்டர் மூட முன்னம் காசைக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த கிழமைதான், அதுவரைக்கும் இந்தக் கண் தாங்குமென்று என்னால் சொல்ல முடியாது என்றார். என் பெண்சாதி அந்த அம்மாவின் குரல் வந்த பக்கம் பார்த்துத் தலையாட்டினாள். அதற்குள் திரை பாதிக்கு மேலே ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே லொட்ஜ். அங்கே இலங்கை ஆட்கள் நிறைய. எங்களுக்கு அடுத்த அறையில் காத்தான்குடியைச் சேர்ந்த வயதான ஒரு முஸ்லிம் உம்மா, தன் மகனோடு வந்திருந்தா. ஆப்பரேசன் முடிந்து ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தா. செட்டிபாளையம் என்றதும் என் பெண்சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடல் கடந்து வந்துதானா புள்ள நாம சந்திக்கணும்? அங்கயெண்டா பஸ்ஸில ஏறினா முடிஞ்சுது" என்று சிரித்தா. பெண்சாதியை அவவிடம் விட்டுவிட்டு, டொலர்ப் பையை வாங்கிக்கொண்டு நானும் மச்சாளும் காசு மாற்றப் புறப்பட்டோம்.

கடைத்தெருவில் ஒரு மாற்றுக் கடை. குளிரூட்டிய சின்ன அறை. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளைஞன், மிக மரியாதையானவன். மச்சாள் பையின் தையலைப் பிரித்து நோட்டுக் கட்டை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

எல்லா நோட்டின் மூலையிலும் மஞ்சள். சிலதில் குங்குமமும். ஈரத்தோடு மடித்து வைத்ததால் அடுத்த நோட்டின் முதுகிலும் பட்டுப் படர்ந்திருந்தது. நோட்டில் அச்சடித்த மனிதர்கள் எல்லாருக்கும் காமாலை வந்தது போல இருந்தது.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். புதுச் சேலை எடுத்தால் மூலையில் மஞ்சள் தொட்டுத்தான் உடுப்போம். புது நெல்லு வந்தாலும் முதல் பெட்டிக்கு மஞ்சள் பொட்டு. என் பெண்சாதி மகன் தந்த ஒவ்வொரு டொலரையும் அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பாதத்தில் வைத்து, மஞ்சள் தொட்டுத்தான் டின்னுக்குள் போட்டிருக்கிறாள். பிள்ளையின் உழைப்பு நிலைக்க வேண்டுமென்று செய்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே ஒரு லீவில் அவளோடு அந்தக் கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்தியிருக்கிறேன்.

இளைஞன் ஒரு நோட்டை எடுத்து விளக்கடியில் பிடித்தான்.

"நோட்டு நல்ல நோட்டுதாங்க. ஆனா கறை பட்டிருந்தா எங்களால எடுக்க முடியாது. மேல அனுப்பினா திருப்பி விட்டுருவாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"கழுவித் தந்தா?" என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. "கழுவினா இன்னும் கெட்டுரும், ஐயா" என்றான்.

அடுத்த கடையிலும் அதே பதில். மூன்றாவது கடை ஒரு சந்துக்குள். அங்கிருந்த பெரியவர் நோட்டை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, எடுக்கிறேன், ஆனால் இவ்வளவு வெட்டுவேன் என்று ஒரு காகிதத்தில் இலக்கம் எழுதித் தள்ளினார். மச்சாள் உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள்.

"இவர் எங்கட தென்னந்தோட்டத்தில பாதியைத் தறிக்கிறார் மச்சான்."

"குடுப்பம் மச்சாள். கண் பெரிசா, காசு பெரிசா?"

"கண்ணுக்குத்தான் காசு. இவருக்குக் குடுத்தா மிச்சம் ஆஸ்பத்திரிக்குக் காணாது. காணாட்டி நாளைக்கு இடம் இல்ல. விளங்குதா?"

விளங்கியது. நான் அந்தக் கடை வாசலில் இருந்த படியில் குந்திவிட்டேன். வயலுக்குள் தண்ணீர் வந்து பயிர் மூழ்கும்போதும் நான் அப்படிக் குந்தியதில்லை. நண்பகல் தாண்டியிருந்தது. மச்சாள் என் முன்னால் வந்து நின்றாள்.

"எழும்புங்க. முதல்ல என்ட காட்டைப் பார்ப்பம்."

காட் என்றது அவளுடைய வங்கி அட்டையை. குவைத்துச் சம்பளத்தில் மிஞ்சியதும், இப்போது அப்பம் சுட்டு விற்றுச் சேர்த்ததும் அதில்தான். வீட்டுக்கு ஓடு மாற்றக் காசு சேர்க்கிறாள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லப் போனேன். அவள் அதற்குள் ரோட்டைக் கடந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பிள்ளை அட்டையை மிசினில் செருகிவிட்டு, "உங்க ஊர் ரூபாய் கணக்குலயும் காட்டுதும்மா. அதுலயே போட்டுரவா? உங்களுக்குப் புரியுமே" என்று அன்பாகக் கேட்டாள்.

"வேணாம் மகள். இந்தியக் காசிலயே போடுங்க."

வெளியே வந்த பிறகு எனக்கு விளங்கப்படுத்தினாள். மிசின் எங்கள் ரூபாயில் காட்டினால் பார்க்க வசதிதான். ஆனால் மாற்றுகிற விலையை அந்த மிசினே வைத்துக்கொள்ளுமாம். இந்த நாட்டுக் காசில் போடச் சொன்னால் மாற்றுகிற வேலை எங்கள் ஊர் வங்கிக்குப் போகும், அது குறைவாகத்தான் பிடிக்குமாம். "சந்தையில நடுவில நிண்டு தரகு பார்க்கிற ஆள் மாதிரி அந்த மிசின். நமக்கு விக்கிறவனையும் தெரியும், வாங்கிறவனையும் தெரியும். தரகர் எதுக்கு?" இதை அவளுக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லவில்லை. குவைத்தில் ஒருமுறை ஏமாந்து, வங்கித் துண்டை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்ததாம்.

ஆனால் அட்டை ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எல்லை வைத்திருந்தது. பாதிக்கு மேல் கட்டிவிட்டோம். மிச்சம் நின்றது. அதைச் சந்துக் கடை வெட்டுக்கு மாற்றினால் மருந்துக்கும் லொட்ஜுக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

லொட்ஜுக்குத் திரும்பினோம். என் பெண்சாதி எங்கள் காலடி ஓசையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "சரிவரல்லையா?" என்றாள். நான் சொல்லாமல் விட்டிருப்பேன். மச்சாள் ஒளிக்கிற ஆள் இல்லை.

"டொலரையெல்லாம் மஞ்சள் குளிப்பாட்டி வைச்சிருக்கியேகா! கலியாணமா கட்டிவைக்கப் போறாய்?"

"நானே என்ட கண்ணில மண்ணைப் போட்டுட்டன்" என்றாள் பெண்சாதி. அழவில்லை. கண்ணுக்கு ஆகாதென்று டொக்டர் சொல்லியிருந்தார். அழாமல் இருப்பதற்காக அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

மச்சாள் கட்டிலில் இருக்கவில்லை. அடுத்த அறை உம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"உம்மா, நீங்க எப்ப ஊருக்குப் போற?"

"நாளைக்கு விடிய, புள்ள."

"மகன்ட கையில இந்தியக் காசு மிச்சம் இரிக்குமா?"

"அத ஏன் கேக்கிற? துணி எடுக்கவெண்டு கொண்டந்தான். இந்த முறை சரக்குப் பிடிக்கல்லையாம். அப்பிடியே கிடக்கு. விமான நிலையத்தில மாத்தினா கொள்ளை போகுமெண்டு காலைல இருந்து புறுபுறுக்கான்."

மச்சாளின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். வாவியில் வலை பாரமாகும்போது தோணிக்காரனுக்கு வருகிற முகம்.

குவைத்தில் அவளும் கூட்டாளிப் பெண்களும் செய்த வேலை இதுதானாம். லீவில் ஊருக்குப் போகிறவளிடம் மிச்சத் தினார் இருக்கும். ஊரிலிருந்து வந்திறங்கியவளிடம் ரூபாய் இருக்கும். இரண்டு பேரும் கடைக்குப் போனால் இரண்டு பேருக்கும் நட்டம். நேருக்கு நேர் மாற்றிக்கொண்டால் கடைக்காரரின் வாய்க்குள் போகிற பங்கு இரண்டு பேருக்கும் மிஞ்சும். அரிசியைக் கொடுத்துச் சீனி வாங்குகிற மாதிரி. கேட்டதும் எனக்குத் தோணித் துறைதான் நினைவுக்கு வந்தது.

மகன் தொழுதுவிட்டு வந்தான். நாற்பது வயது மதிக்கலாம். நெசவுச் சாரமும் துணியும் விற்கிற கடை வைத்திருப்பவன். மச்சாள் விசயத்தைச் சொன்னாள். ஒளிக்காமல் மஞ்சள் நோட்டையும் முன்னால் விரித்து வைத்தாள். அவன் குனிந்து பார்த்தான்.

"ரப்பே! அக்கா, டொலருக்கு மாப்பிள்ளை அலங்காரம் செஞ்சிரிக்கிறீங்க. மாலை மட்டும்தான் குறை."

"மாலையும் போடுவம் தம்பி, நீங்க பொண்ணைத் தந்தா."

"என்ன விலையில கேக்கிற?"

"இஞ்சத்த கடையில டொலருக்கு வாங்கிற விலை ஒண்டு எழுதியிரிக்கு, விக்கிற விலை ஒண்டு எழுதியிரிக்கு. ரெண்டுக்கும் சரி நடுவில."

"காத்தான்குடியான்ட கணக்குப் பேசுறீங்க."

"தம்பி, உங்கட ஊர்ச் சந்தையில நான் சின்னப் பிள்ளையில இருந்து மீன் வித்தவள். உங்கட வாப்பாட்டையும் பேசியிருப்பன்."

அவன் சிரித்துவிட்டான். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு ஞாயமாகப் பேசினான். நடு விலை சரி, ஆனால் கறை பட்ட நோட்டை ஊரிலும் எல்லாரும் எடுக்கமாட்டார்கள், கொழும்பில் எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரர் எடுப்பார், நூற்றுக்கு இரண்டு வெட்டுவார், அந்த இரண்டை யார் சுமக்கிறது என்று கேட்டான். மச்சாள் வாயைத் திறக்க முன்னம் கட்டிலில் இருந்து உம்மா பேசினா.

"என்ன மனே நீ? மஞ்சள் பட்டா காசு அழுகிப் போகுமா? அந்தப் புள்ளைக்கு ஒத்தக் கண். எனக்கு ரெண்டு கண் இரிக்கக்குள்ளயே நான் பட்ட பயம் உனக்குத் தெரியும். நீ சுமந்தா தோள் தேயாது."

"உம்மா, நான் இல்லையெண்டா சொன்னன்? யாவாரம் எண்டா கேக்கத்தானே வேணும்."

"கேட்டாய்தானே. இப்ப குடு."

"பாதியை நாங்க சுமப்பம் தம்பி" என்றாள் மச்சாள். "நீங்க முழுக்கச் சுமந்தா நாளைக்கு உங்கட கடைப் பக்கம் நான் வரேலாது. வெக்கமாயிரிக்கும்."

அப்படியே முடிந்தது. அவன் தன் பையைத் திறந்தான். அவன் எண்ணினான், மச்சாள் எண்ணினாள். பிறகு அவன் என்னிடம் தந்து, "நீங்களும் எண்ணிப் பாருங்க காக்கா" என்றான். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நான் எண்ணத் தெரியாதவன் என்று நினைத்திருந்தால் அவன் அப்படித் தந்திருக்கமாட்டான். அந்த மரியாதை எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. எண்ணினேன். சரியாக இருந்தது.

கடைசியில் அவன் ஒன்று சொன்னான். "அக்கா, நான் எத்தின தரம் இஞ்ச துணிக்கு வந்திரிக்கன். ஒவ்வொரு முறையும் மிச்சக் காசை விமான நிலையத்தில குடுத்து வயிறெரிஞ்சுதான் போவன். பக்கத்து அறையில கேட்டுப் பார்க்கணுமெண்டு ஒரு நாளும் தோணல்லையே." மச்சாள் அப்போதே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஓட்டோ கிடைக்கவில்லை. நடந்துதான் போனோம். நடந்தோம் என்று சொல்வது எனக்கு மட்டும் பொருந்தும். அவள் ஓடினாள். நான் கவுண்டருக்குப் போய்ச் சேரும்போது அவள் காசைக் கட்டிவிட்டு, ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளையிடம் நாளைக்கு எத்தனை மணிக்கு நோயாளியைக் கூட்டிவர வேண்டும், சாப்பிடலாமா கூடாதா என்று விசாரித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பின்னால் வந்த ஆளோடு கவுண்டரை மூடிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் பெண்சாதியை உள்ளே கொண்டுபோனார்கள். போகும் முன் அவள் என் கையைத் தேடிப் பிடித்து, "பயப்படாதீங்க" என்றாள். யார் யாருக்குச் சொல்ல வேண்டிய சொல் அது! நானும் மச்சாளும் வெளியே நீண்ட வாங்கில் இருந்தோம். அவள் என்னோடு அன்றைக்குக் காசைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. குவைத்தில் வேலை செய்த வீட்டுக் கிழவி தனக்கு எப்படித் தலை பின்னிவிடுவாள் என்று சொன்னாள். அதைப் போல ஒரு பின்னல் தனக்கு ஒருநாளும் வரவில்லை என்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே, இவளைப் போல ஒரு ஆளை எங்கள் குடும்பத்துக்குத் தந்ததற்கு என் மாமியாரை நினைத்துக்கொண்டேன்.

ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது என்று டொக்டர் அம்மா வந்து சொன்னார். தோலை ஒட்டியிருக்கிறோம், அது பிடிக்க வேண்டுமென்றால் நோயாளி குப்புறப் படுத்திருக்க வேண்டும், எழும்பிச் சாப்பிடுகிற நேரம் தவிர முகம் நிலத்தைப் பார்த்தபடியே இருக்க வேண்டும் என்றார். பார்வை எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது, மெல்லமெல்லத்தான் தெரியும் என்றார்.

அப்படியே அவளைக் குப்புறப் படுக்க வைத்தோம். கட்டிலின் ஓரத்தில் நெற்றியைத் தாங்க ஒரு தலையணை. முகம் கீழே தொங்கியபடி. மறுநாள் கட்டு அவிழ்த்த பிறகும் அவள் கண்ணைத் திறக்கப் பயந்தாள். திறந்தால் கறுப்பாக இருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நாங்களும் கேட்கவில்லை. மச்சாள் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்று அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கை சும்மா இருக்க மாட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் பெண்சாதியின் சத்தம் கட்டிலுக்குக் கீழிருந்து வந்தது.

"குதிக்காலில என்னகா வெள்ளையா ஒட்டியிரிக்காய்?"

மச்சாள் விசிறியை நிறுத்தினாள்.

"ஆருட குதிக்காலில?"

"உன்டதான். வலது கால். பிளாஸ்டரா அது? ரெத்தமும் தெரியுது."

நான் குனிந்து பார்த்தேன். இரண்டு குதிக்காலும் செருப்பு வெட்டித் தோலுரிந்து கிடந்தது. ஒன்றில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். மற்றதில் அதுவும் இல்லை. ஒரு முழு நாள் அவளோடு அலைந்தவன் நான், எனக்குத் தெரியவில்லை.

மச்சாள் அப்படியே நிலத்தில் குந்தி, தமக்கையின் முகத்துக்குக் கீழே தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தாள்.

"என்னையும் தெரியுதாகா?"

"மங்கலாத்தான் தெரியுது" என்றாள் என் பெண்சாதி. "ஏன் நீ அழுறாய்?"